ஓர் ஆறும் ஒரு தேர்தலும்

தேர்தற் காலம் வந்துவிட்டால் ஊருக்கு ஊர் மேடைகள் எழும். மேடைக்கு மேடை வாக்குறுதிகள் பெருகும். வீதி, பாடசாலை, வைத்தியசாலை, வேலைவாய்ப்பு என்று நீளும் அந்தப் பட்டியலிலே, கடந்த சில பத்தாண்டுகளாகச் சுற்றாடலும் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றுக்கொண்டது. காட்டைக் காப்போம், ஆற்றைக் காப்போம், கடற்கரையைக் காப்போம் என்று எல்லாக் கட்சியினரும் ஒரே குரலிற் பேசுகின்றனர். கேட்பதற்கு அது இனிமையாகவே இருக்கின்றது. ஆனால் எல்லாரும் ஒன்றையே பேசும்போது வாக்காளன் எதைக் கொண்டு ஒருவரிலிருந்து மற்றவரைப் பிரித்தறிவது? ஏட்டுச் சுரைக்காய் எது, தோட்டத்துச் சுரைக்காய் எது என்று எவ்வாறு தெரிந்துகொள்வது?

பொதுவான சொற்களை வைத்து அபேட்சகர்களை ஒப்பிட முடியாது. ஒரு குறித்த இடத்தை, ஒரு குறித்த காட்டை, ஒரு குறித்த ஆற்றை அவர்கள் முன் வைக்கவேண்டும். இதை நீர் என்ன செய்வீர், எந்த அதிகாரத்தைக் கொண்டு செய்வீர், அதனால் நட்டமடைவோருக்கு என்ன கொடுப்பீர் என்று கேட்கவேண்டும். அப்போதுதான் ஒரே நிறமாகத் தோன்றிய சொற்கள் வெவ்வேறு நிறம் காட்டத் தொடங்கும். இவ்வாறு ஒரு நாட்டு மக்கள் ஓர் ஆற்றை உரைகல்லாகக் கொண்டு தம் தலைவர்களை உரைத்துப் பார்த்த தேர்தல் ஒன்று உண்டு. அது 1983ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவிலே நடைபெற்றது. அந்த ஆற்றின் பெயர் பிராங்ளின்.

அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் தென்கிழக்கே, கடலாற் பிரிக்கப்பட்டுக் கிடக்கும் தீவு தாஸ்மேனியா. அது பரப்பளவில் ஏறக்குறைய இலங்கையை ஒத்தது. ஆயினும் அக்காலத்தில் அதன் சனத்தொகை நாலரை இலட்சத்தை எட்டவில்லை. தீவின் மேற்குப் பாகத்திலே மலையும் மழையும் மிகுதி. அங்கே மனிதர் குடியிருப்பு அரிது. மலைகளிலிருந்து இறங்கும் ஆறுகள் ஆழ்ந்த கணவாய்களின் வழியே பாய்ந்து, அடர்ந்த காடுகளை ஊடறுத்துக் கடலை அடைகின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு மேல் உயிர்வாழ வல்ல ஹுவோன் என்னும் ஊசியிலை மரம் அவ்வாற்றங்கரைகளில் வளர்கின்றது. கோர்டன் என்னும் பேராற்றின் கிளை நதியே பிராங்ளின். அதன் கரையிலுள்ள குகை ஒன்றில் ஏறக்குறைய இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், உலகம் பனியுகத்தில் இருந்த காலத்தில், ஆதிக் குடிகள் வாழ்ந்த தடயங்கள் 1981ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. கூட்டிக்கினா என்பது அக்குகையின் பெயர்.

மழையும் மலையும் உள்ள இடத்தில் நீர்மின் உற்பத்தி எளிது. தாஸ்மேனிய மாநில அரசாங்கம் இந்த உண்மையைத் தன் பொருளாதாரத்தின் அத்திவாரமாகக் கொண்டிருந்தது. மலிவான மின்சாரத்தைக் கொடுத்தால் நாகம், அலுமினியம் முதலிய உலோகங்களைச் சுத்திகரிக்கும் ஆலைகள் வரும். ஆலைகள் வந்தால் வேலை வரும். இதுவே இரு பெருங் கட்சிகளும் ஒப்புக்கொண்ட வழியாக இருந்தது. அணை கட்டும் பணியை நீர்மின் ஆணைக்குழு என்ற அரச நிறுவனம் நடத்திற்று. மந்திரிகள் மாறினர், ஆணைக்குழுவின் திட்டங்கள் மாறவில்லை. ஒரு திட்டம் முடியுமுன்னரே அடுத்த திட்டம் ஆயத்தமாக இருக்கும். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சீவனம் அந்த வரிசை அறாமல் நடப்பதிலே தங்கியிருந்தது.

இந்த வழிக்கு முதன்முதல் பெரும் எதிர்ப்பு எழுந்தது பெடர் ஏரியின் பொருட்டு. மலைகளுக்கிடையே வெண்மணற் கரையோடு கிடந்த அந்த ஏரி 1955ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1967ஆம் ஆண்டில் மின்சாரத் திட்டத்துக்காக அந்தப் பிரகடனம் நீக்கப்பட்டது. அணைகள் கட்டப்பட்டன. ஏரியின் அழகைப் படமெடுத்து நாட்டுக்குக் காட்டி வந்த ஒலேகாஸ் துருக்கானஸ் என்பவர் 1972ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோர்டன் ஆற்றில் மூழ்கி இறந்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், ஹோபாட் நகர மண்டபத்திற் கூடிய மக்கள் ‘ஐக்கிய தாஸ்மேனியக் குழு’ என்ற பெயரில் ஒரு கட்சியைத் தொடங்கினர். உலகில் சுற்றாடலை முதற் கொள்கையாகக் கொண்டு தேர்தலில் இறங்கிய முதற் கட்சி அதுவே என்பர். மறுமாதமே மாநிலத் தேர்தல் வந்தது. அதில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமேனும் கிடைக்கவில்லை. ஏரியை நீர் மூடிற்று.

இங்கே கவனிக்கவேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1973ஆம் ஆண்டில், தேசிய அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழு, ஏரியைப் பற்றிய முடிவைச் சில காலம் ஒத்திவைக்கலாம் என்றும், அதற்குரிய செலவைத் தேசிய அரசாங்கமே ஏற்கலாம் என்றும் யோசனை கூறிற்று. தாஸ்மேனிய முதலமைச்சர் எரிக் ரீஸ் அதனை ஏற்க மறுத்தார். பணத்தைக் காட்டி மட்டும் மாநிலத்தை இணங்கச் செய்ய முடியாது என்பது அன்றே தெளிவாயிற்று. பத்து ஆண்டுகளின் பின்னர் இந்தப் பாடம் மீண்டும் பயன்பட்டது.

1979ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கோர்டன் ஆற்றிலே, பிராங்ளின் வந்து கலக்கும் இடத்துக்குக் கீழே ஓர் அணை கட்டவேண்டும் என்று ஆணைக்குழு ஆலோசனை கூறிற்று. அந்த அணை 180 மெகாவாற் மின்சாரம் தருவதாக இருந்தது. ஆனால் அது எழுந்தால் பிராங்ளின் ஆற்றின் கீழ்ப்பாகமும் அதன் கணவாய்களும் குகைகளும் நீரில் ஆழ்ந்துவிடும். தொழிற்கட்சியைச் சேர்ந்த முதலமைச்சர் டக் லோ என்பவர் ஒரு நடுவழியை நாடினார். அணையை ஆற்றின் மேற்புறத்தில், ஓல்கா ஆறு கலக்கும் இடத்துக்கு மேலே கட்டினால், மின்சாரம் குறையும். ஆனால் பிராங்ளின் தப்பும். கீழ்ச்சபை அதற்கு இணங்கிற்று, மேற்சபை இணங்கவில்லை. இரண்டு சபைகளுக்குமிடையே முடிச்சு இறுகிற்று.

முடிச்சை அவிழ்க்க மக்களிடமே கேட்பது என்று முடிவாயிற்று. 1981ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 12ஆந் திகதி வாக்கெடுப்பு நடந்தது. சீட்டிலே இரண்டு கேள்விகளே இருந்தன: கீழேயுள்ள அணையா, மேலேயுள்ள அணையா? அணையே வேண்டாம் என்று சொல்ல அதில் இடமில்லை. வாக்கெடுப்புக்கு முன்னரே லோ பதவியிலிருந்து இறக்கப்பட்டார். வாக்களித்தோரில் நூற்றுக்கு 47 பேர் கீழ் அணையையும், 8 பேர் மேல் அணையையும் ஆதரித்தனர். எஞ்சிய 45 பேரின் சீட்டுக்கள் செல்லுபடியாகாதவை. ஏனெனில், மொத்த வாக்காளரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர், ‘அணைகள் வேண்டாம்’ என்று தம் கைப்படச் சீட்டிலே எழுதியிருந்தனர்.

கேள்வியை அமைப்பவனே பாதி விடையைத் தீர்மானித்துவிடுகிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. தேர்தல் மேடையிலும் இதுவே நிகழ்கின்றது. ‘அபிவிருத்தி வேண்டுமா, காடு வேண்டுமா?’ என்று ஓர் அபேட்சகர் கேட்பாரானால், அந்தக் கேள்விக்கு விடை சொல்லுமுன், அந்த இரண்டையன்றி வேறு வழியே இல்லையா என்று எதிர்க்கேள்வி கேட்பது வாக்காளனின் கடமையாகும்.

1982ஆம் ஆண்டு மே மாதம் மாநிலத் தேர்தல் வந்தது. பதவியிலிருந்த தொழிற்கட்சி பிளவுபட்டும் தளர்ந்தும் நின்றது. எதிரே லிபரல் கட்சித் தலைவர் ரொபின் கிரே நின்றார். அவர் பேச்சில் மழுப்பல் இருக்கவில்லை. அணை எழும் என்றார். பிராங்ளின் ஆறு ஆண்டில் பெரும்பகுதியும் அட்டைகள் நிறைந்த பழுப்பு நிறக் கால்வாயாகவே கிடக்கின்றது என்று இழித்துரைத்தார். அவர் வெற்றி பெற்றார். தாஸ்மேனிய லிபரல் கட்சி பிறர் தயவின்றித் தனியே பெரும்பான்மை பெற்றது அதுவே முதல் முறை. அணை கட்டுவதற்கான சட்டம் சில வாரங்களுக்குள் நிறைவேறிற்று.

இந்த அளவில், உள்ளூர் மக்கள் தீர்ப்புக் கூறிவிட்டனர். இனி விவாதம் ஏன் என்று கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானதே. அணையை ஆதரித்த வாக்காளரைப் பேராசைக்காரர் என்றோ இயற்கையின் அருமை அறியாதோர் என்றோ கூறுவது அநியாயமாகும். அவர்கள் தீவிலே வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. அணைக்கட்டில் வேலை செய்த மனிதனுக்கு ஆற்றின் அழகு தெரியாததன்று. வீட்டிலே அடுப்பு எரியவேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். சிட்னியிலும் மெல்பேணிலும் இருந்துகொண்டு ஆற்றைக் காக்கவேண்டும் என்று சொல்பவர் அதற்காக இழப்பது ஒன்றுமில்லை. இழப்பவர் நாங்களே என்று அவர்கள் முறையிட்டனர். அந்த முறைப்பாட்டுக்கு விடை கூறாத எந்தச் சுற்றாடற் கொள்கையும் முழுமையான கொள்கையாகாது.

ஆனால் மறுபக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அழிந்தால் மீளாத ஒன்று அதன் அருகே வாழ்பவர்க்கு மட்டும் உரியதா? இருபதினாயிரம் ஆண்டுக் குகை ஒரு தலைமுறையின் சொத்தா? 1972ஆம் ஆண்டில் உருவான உலக மரபுரிமைச் சமவாயத்தை அவுஸ்திரேலியா 1974ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. 1982ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் தாஸ்மேனியாவின் மேற்குப் பாக வனாந்தரம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அதே வேளையில் ஆற்றங்கரையிலே மறியற் போராட்டமும் தொடங்கிற்று. பொப் பிரவுண் என்ற வைத்தியரின் தலைமையிலே திரண்டவர்கள், இறப்பர்த் தோணிகளில் ஏறி, அணைக்கட்டு இயந்திரங்களை ஏற்றிவந்த படகுகளின் முன்னே சென்று மறித்தனர். ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். பிரவுணும் சிறை சென்றார். அவர் சிறையினின்று வெளிவந்த கையோடு, வெற்றிடமாயிருந்த ஓர் ஆசனத்துக்குரியவராகி மாநிலப் பாராளுமன்றத்திற் புகுந்தார்.

பெருநிலத்திலும் மக்களின் உணர்ச்சி பொங்கிற்று. அம்மாதம் விக்டோரியா மாநிலத்துப் பிளின்டேர்ஸ் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலிலே, வாக்காளரில் நூற்றுக்கு நாற்பது பேரளவில் ‘அணைகள் வேண்டாம்’ என்று தம் சீட்டுக்களில் எழுதினர். தாஸ்மேனியாவிலே தோன்றிய அந்த வழக்கம் கடல் கடந்துவிட்டது. உள்ளூர்ப் பிரச்சினை தேசியப் பிரச்சினையாகிவிட்டது.

1983ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 3ஆந் திகதி பிரதம மந்திரி மல்கம் பிரேசர் பொதுத் தேர்தலை அறிவித்தார். அதே நாளில் தொழிற்கட்சியின் தலைமை பில் ஹேடனிடமிருந்து பொப் ஹோக்கின் கைக்கு மாறிற்று. பொருளாதார மந்தம், வேலையின்மை, பணவீக்கம், கூலி உயர்வு ஆகியவையே அந்தத் தேர்தலின் பெரிய விவாதங்கள். ஆறு அவற்றுக்கு அடுத்து நின்ற ஒரு விவாதமே. ஆயினும் அபேட்சகர்களை ஒப்பிட்டுப் பார்க்க அதைப்போலத் தெளிவான விடயம் வேறில்லை.

முதலாவதாகப் பிரேசரின் நிலை. அவரும் அந்த அணையை விரும்பியவரல்லர். அவருடைய அரசாங்கத்தின் காலத்திலேயே உலக மரபுரிமைப் பட்டியலுக்கு அந்த இடம் முன்மொழியப்பட்டது. அணையைக் கைவிட்டால், மாற்று மின் நிலையம் ஒன்றை அமைப்பதற்கு 50 கோடி டொலர் தருவதாக அவர் 1983ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மாநிலத்துக்குக் கூறினார். கிரே அதை மறுத்துவிட்டார். அதற்கு மேல் செல்லப் பிரேசர் உடன்படவில்லை. அவுஸ்திரேலியா ஒரு சமஷ்டி நாடு. மாநிலத்தின் நிலமும் நீரும் மாநிலத்தின் பொறுப்பு. மத்திய அரசாங்கம் வேண்டிக் கேட்கலாம், வற்புறுத்தலாகாது என்பது அவர் கொள்கை. இதை ஒரு சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. சமஷ்டி முறையை மதிப்போர் பலர் அவ்வாறே எண்ணினர்.

இரண்டாவது, ஹோக்கின் நிலை. தொழிற்கட்சி 1982ஆம் ஆண்டு சூலை மாதத்துத் தேசிய மகாநாட்டிலே அணையை எதிர்ப்பதென்று தீர்மானித்திருந்தது. மாநிலத்திலே அதே கட்சியின் கிளை அணையின் பக்கம் நின்றதால், அந்தத் தீர்மானம் எளிதில் வந்ததன்று. ஆட்சிக்கு வந்தால் மத்திய அதிகாரத்தைக் கொண்டு அணையை நிறுத்துவோம், மாநிலத்துக்கு நேரும் நட்டத்தை ஈடுசெய்வோம் என்று ஹோக் கூறினார்.

மூன்றாவது, டொன் சிப் தலைமையிலான அவுஸ்திரேலிய ஜனநாயகக் கட்சியின் நிலை. அக்கட்சி தனித்து ஆட்சியமைக்கும் வலிமை உடையதன்று. ஆயினும் அதன் மேற்சபை உறுப்பினர் கொலின் மேசன், உலக மரபுரிமை இடங்களைக் காப்பதற்கு ஒரு மசோதாவை 1982ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்திருந்தார். தொழிற்கட்சியின் ஆதரவோடு அது மேற்சபையில் நிறைவேறிற்று. அரசாங்கத்துக்குப் பெரும்பான்மையுள்ள கீழ்ச்சபையில் அது சட்டமாகவில்லை.

இந்த மூன்று நிலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். மூவரும் ஆற்றின் அழிவை விரும்பவில்லை. ‘ஆற்றை நேசிக்கிறீரா?’ என்று கேட்டிருந்தால் மூவரும் ஆம் என்றே கூறியிருப்பர். அந்தக் கேள்வியால் வாக்காளனுக்கு ஒரு பயனும் விளைந்திராது. ‘மாநிலம் மறுத்தால் என்ன செய்வீர்?’ என்ற கேள்வியிலேதான் அவர்கள் பிரிந்தனர். ஒருவர் பணம் கொடுப்பேன் என்றார்; மற்றவர் சட்டம் செய்வேன் என்றார்; வேறொருவர் அந்தச் சட்டத்தின் நகலை ஏற்கெனவே கொண்டுவந்திருந்தார். பணம் ஒருமுறை 1973ஆம் ஆண்டிலும், மற்றொருமுறை 1983ஆம் ஆண்டிலும் மறுக்கப்பட்டதை அறிந்த வாக்காளன், பணத்தின் வழி எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தானே நிதானித்துக்கொள்ளக் கூடியதாயிருந்தது.

வனாந்தரத்தைக் காக்க எழுந்த சங்கங்களும் இதையே செய்தன. கட்சிகளின் பொதுவான நல்லெண்ணத்தை அவை பொருட்படுத்தவில்லை. கீழ்ச்சபைக்குத் தொழிற்கட்சிக்கும், மேற்சபைக்கு ஜனநாயகக் கட்சிக்கும் வாக்களியுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டன. வாக்களிப்புக்குச் சில நாட்களுக்கு முன், பீற்றர் டொம்புரோவ்ஸ்கிஸ் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த படமொன்று பெருநகரப் பத்திரிகைகளிலே முழுப்பக்க வர்ண விளம்பரமாக வெளிவந்தது. காலை மூடுபனியிலே பிராங்ளின் ஆறு ஒரு பாறைத் தீவைச் சுற்றி வளைந்து செல்லும் காட்சி அது. அந்த ஆற்றைத் தம் வாழ்நாளிற் காணப்போகாத இலட்சக்கணக்கானோர், தாம் எதைப்பற்றி வாக்களிக்கின்றனர் என்பதைக் கண்ணாற் கண்டனர்.

மார்ச்சு மாதம் 5ஆந் திகதி வாக்களிப்பு நடந்தது. கீழ்ச்சபையின் 125 ஆசனங்களில் 75 ஆசனங்களைத் தொழிற்கட்சி வென்றது. ஆனால் தாஸ்மேனியாவின் ஐந்து ஆசனங்களும், ஒன்றுகூட விடாமல், லிபரல் கட்சியிடமே இருந்தன. நாடு ஒரு பக்கம் சாய்ந்தது. தீவு மறுபக்கம் சாய்ந்தது. ஒரே நாளில், ஒரே ஆற்றைப் பற்றி, உள்ளூரும் தேசமும் இரு வேறு தீர்ப்புக் கூறின.

வெற்றி பெற்ற இரவிலேயே அணை எழாது என்று ஹோக் அறிவித்தார். உலக மரபுரிமை இடங்களைப் பாதுகாக்கும் சட்டம் அவ்வாண்டே நிறைவேறிற்று. தாஸ்மேனிய அரசாங்கம் பணியமறுத்து, வழக்கு அவுஸ்திரேலியாவின் அதியுயர் நீதிமன்றத்தை அடைந்தது. 1983ஆம் ஆண்டு சூலை மாதம் முதலாந் திகதி தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் நால்வர் மத்திய அரசாங்கத்தின் பக்கமும், மூவர் மாநிலத்தின் பக்கமும் நின்றனர். வெளிநாட்டு உறவுகளைப் பற்றிய அதிகாரம் மத்திய பாராளுமன்றத்துக்கு உண்டு. உலக மரபுரிமைச் சமவாயத்தின்கீழ் நாடு ஏற்ற கடமையை நிறைவேற்ற அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்பது பெரும்பான்மையோரின் முடிபு. அணை வேலை நின்றது. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் ஆறு மறைந்திருக்கும். பிரேசரின் கொள்கை வெறும் சாக்கன்று என்பதற்கு அந்த மூன்று நீதிபதிகளே சாட்சி. அதிகாரத்தைத் துணிந்து பயன்படுத்தினாலன்றி அதன் எல்லை புலப்படாது என்பதற்கு மற்ற நால்வரும் சாட்சி.

வாக்குறுதியின் மறுபாதி என்னவாயிற்று? மத்திய அரசாங்கம் தாஸ்மேனியாவுக்குப் பெருந்தொகையை நட்டஈடாகக் கொடுத்தது. அதன் உதவியோடு கிங் ஆறு முதலிய வேறிடங்களில் நீர்மின் திட்டங்கள் நடைபெற்றன. அணைத் தொழிலாளர் பலருக்கு அங்கே வேலை தொடர்ந்தது. அவற்றாலும் வேறு பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கின என்பதையும் மறைத்தலாகாது. ஓர் இடம் தப்பும்போது அதன் விலையை வேறோர் இடம் கொடுப்பதுண்டு. பிராங்ளின் இன்றும் தடையின்றிப் பாய்கின்றது. அதைக் காணவும் அதிலே தோணி விடவும் மக்கள் தொலைவிலிருந்து வருகின்றனர். ஒரு காலத்தில் மறியற்காரரின் தளமாக இருந்த ஸ்ட்ரோன் என்ற சிறு துறைமுகம் உல்லாசப் பயணிகளால் வாழ்கின்றது. 2006ஆம் ஆண்டில் கடலடி மின்வடம் ஒன்று தீவையும் பெருநிலத்தையும் இணைத்தது. மின்சாரத்துக்கு ஒரே வழி மேலும் ஓர் அணைதான் என்ற வாதம், மேலும் பல வழிகளுள் ஒன்றாகச் சுருங்கிற்று.

தீவின் மனமும் மாறாமல் இருக்கவில்லை. 1986ஆம் ஆண்டில் கிரே மீண்டும் வெற்றி பெற்றார். ஆனால் 1989ஆம் ஆண்டுத் தேர்தலிலே, பொப் பிரவுண் உட்பட, பசுமைக் கொள்கையுடைய ஐவர் மாநிலச் சபைக்குத் தெரிவாகி, எந்த அரசாங்கம் அமையும் என்பதையே தீர்மானிக்கும் நிலையைப் பெற்றனர். 1972ஆம் ஆண்டில் ஓர் ஆசனமும் பெறாத கொள்கைக்குப் பதினேழு ஆண்டுகளில் அந்த இடம் கிடைத்தது.

இந்த வரலாற்றிலிருந்து எந்த நாட்டு வாக்காளனும் எடுத்துக்கொள்ளக்கூடிய அளவுகோல்கள் மூன்று.

முதலாவது, அபேட்சகர் எந்த இடத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார் என்பது. இயற்கையை நேசிப்பதாகக் கூறுவது எளிது. இந்தக் குளத்தை நிரப்ப விடமாட்டேன், இந்தக் காட்டிலே வீதி வெட்ட விடமாட்டேன் என்று கூறுவது கடினம். ஏனெனில் அந்தக் குளத்தை நிரப்ப விரும்புவோருக்கும் வாக்கு உண்டு. சிலரை இழக்கத் துணியாத வாக்குறுதி எவரையும் காக்காது. கிரேயின் கொள்கையை ஏற்காதவரும் அவர் மழுப்பாமற் பேசினார் என்பதை ஒப்புக்கொள்வர். மக்கள் எதற்கு வாக்களித்தனர் என்பதில் அங்கே மயக்கம் இருக்கவில்லை.

இரண்டாவது, அதைச் செய்யும் அதிகாரம் அவர் நாடும் பதவிக்கு உண்டா என்பது. இலங்கை வாக்காளனுக்கு இது மிகவும் வேண்டிய கேள்வி. இலங்கையின் அரசியலமைப்பு, சுற்றாடலைப் பாதுகாத்து மேம்படுத்துவது அரசின் கடமை என்றும், இயற்கையைக் காத்து அதன் வளங்களைப் பேணுவது ஒவ்வொருவரின் கடமை என்றும் கூறுகின்றது. 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி, சுற்றாடற் பாதுகாப்பு, பாராளுமன்றச் சட்டங்கள் அனுமதிக்கும் அளவுக்கு மாகாண சபைகளின் நிரலிலும் உண்டு. மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான நிரலிலும் உண்டு. குப்பையை அகற்றுவதும் வடிகாலைத் துப்புரவாக்குவதும் உள்ளூராட்சிச் சபைகளின் வேலை. மணல், கல் முதலியவற்றை அகழ அனுமதி வழங்குவதோ மத்திய அரசாங்கத்தின் நிறுவனம். ஆகவே, பிரதேச சபைக்கு நிற்கும் ஒருவர் மணல் அகழ்வை ஒரே நாளில் ஒழிப்பேன் என்றால், எந்த அதிகாரத்தைக் கொண்டு என்று கேட்கவேண்டும். பாராளுமன்றத்துக்கு நிற்கும் ஒருவர் ஊர் வடிகாலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், தேசத்தின் காடுகளைப் பற்றியும் கடலைப் பற்றியும் எந்தச் சட்டத்துக்குக் கை உயர்த்துவீர் என்று கேட்கவேண்டும். முன்னர் அங்கே இருந்தவராயின், எதற்குக் கை உயர்த்தினீர் என்றும் கேட்கவேண்டும். மேசனின் மசோதா மேற்சபைக்கு வந்த நாளிலே யார் எந்தப் பக்கம் நின்றனர் என்பது, நூறு மேடைப் பேச்சுக்களைவிடத் தெளிவாகப் பேசிற்று.

மூன்றாவது, இழப்பவருக்கு என்ன வழி என்பது. ஆறு காக்கப்படும்போது ஒருவன் வேலை இழக்கலாம். மீன்வளத்தைக் காக்க ஒருவகை வலை தடுக்கப்படும்போது ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்புக் குறையலாம். அதைப்பற்றி ஒன்றுங் கூறாத அபேட்சகர், ஏழையின் செலவிலே புண்ணியம் தேடுகிறார். அதையே காரணமாகக் காட்டி எதையும் காக்க மறுக்கும் அபேட்சகரோ, ஏழையின் பெயரைச் சொல்லி வேறெவர்க்கோ வழிவிடுகிறார். இருவருக்குமிடையே, காப்பேன், அதற்குரிய செலவையும் பொதுப்பணத்திலிருந்து நியாயமாகப் பங்கிடுவேன் என்று கணக்கோடு கூறுபவரே மதிக்கத்தக்கவர்.

தேர்தல் முடிந்ததும் மேடைகள் கழற்றப்படும். சுவரொட்டிகள் மழையில் நனைந்து உதிரும். நான்கைந்து ஆண்டுகளில் வேறொரு தேர்தல் வரும். அப்போது தவறாகத் தெரிவு செய்தவரை மாற்றிவிடலாம். ஆனால் அந்த இடைக்காலத்தில் மூழ்கிப்போன பள்ளத்தாக்கை எந்தத் தேர்தலாலும் மீட்டெடுப்பது எளிதன்று. பெடர் ஏரியின் வெண்மணற் கரை ஐம்பது ஆண்டுக்கு மேலாக நீரின் கீழே கிடக்கின்றது. அதே தீவிலே பிராங்ளின் ஆறு கதிரவனைப் பார்த்துப் பாய்ந்துகொண்டிருக்கின்றது. இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு, உரிய காலத்தில் உரிய கேள்வியைக் கேட்ட வாக்காளரால் உண்டான வேறுபாடு.